ஹைப்பர்லூப் மாயையும் புனே மக்களின் பேருந்தும்

(புனே நகரில் தொழிற்சங்க ஊழியர்களுக்கான பயிலரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



புதிய தொழில்நுட்பம் எதுவாயினும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு வரவேற்பவர் முற்போக்காளர், கேள்வி கேட்பவர் வளர்ச்சியின் பகைவர் என்று முத்திரை குத்தும் வழக்கம் ஆளும் வர்க்க ஊடகங்களிடம் நெடுங்காலமாக உள்ளது. 1960களில் ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியர்கள் கணினிமயத்தை எதிர்த்துப் போராடியதைச் சொல்லி இடதுசாரிகளைக் கேலி பேசுவோர் இன்றும் உண்டு. வேலையின்மை பெருகிக் கிடந்த நாட்டில், எந்திரத்தால் மிச்சமாகும் உழைப்பின் பலன் யாருக்குச் சேரும் என்பதே அன்று ஊழியர்கள் எழுப்பிய கேள்வி. எந்திரம் வேறு, மூலதனம் அதைப் பயன்படுத்தும் முறை வேறு என்று மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் பிரித்துக் காட்டியுள்ளார். இன்று இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டியுள்ளது. உருவாகிவிட்ட எந்திரம் வேறு. எந்திரத்தைப் பற்றிய வாக்குறுதி வேறு. இதைக் கற்றுக்கொள்ளப் புனே நகரமே ஒரு பாடநூல்.

23 நிமிடப் பயணம்

2013 ஆகஸ்டில் அமெரிக்க முதலாளி எலான் மஸ்க் ‘ஹைப்பர்லூப்’ என்ற திட்டத்தை விளக்கும் ஆவணம் ஒன்றை வெளியிட்டார். காற்றைப் பெருமளவு வெளியேற்றிய குழாய்க்குள் பயணிகள் பெட்டியை விமானத்தை விஞ்சும் வேகத்தில் செலுத்தலாம் என்பது அதன் சாரம். இதை ஒட்டிப் பல நிறுவனங்கள் முளைத்தன. அவற்றுள் ஒன்றில் பிரிட்டிஷ் முதலாளி ரிச்சர்ட் பிரான்சனின் வர்ஜின் குழுமம் 2017இல் முதலீடு செய்தது. துபாயின் துறைமுக நிறுவனமான டிபி வேர்ல்டும் அதில் பெரும் முதலீட்டாளர்.

2018 பிப்ரவரி 18 அன்று, ‘மேக்னடிக் மகாராஷ்டிரா’ முதலீட்டாளர் மாநாட்டையொட்டி, அன்றைய முதல்வர் தேவேந்திர பட்னவிஸின் அரசு வர்ஜின் குழுமத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. மும்பை–புனே பயணம் அரை மணி நேரத்துக்கும் குறைவாகச் சுருங்கும், ஆண்டுக்கு 15 கோடி பயணங்கள் நடைபெறும், 30 ஆண்டுகளில் 5,500 கோடி டாலர் அளவுக்குச் சமூக, பொருளாதாரப் பலன் கிடைக்கும் என்று நிறுவனம் அறிவித்தது. 2019இல் மாநில அரசு இதைப் பொது உள்கட்டமைப்புத் திட்டமாகவே ஏற்றது. மும்பையின் பாந்த்ரா–குர்லா வளாகத்திலிருந்து புனேயின் வாகட் வரை 117.5 கிலோமீட்டர்; பயண நேரம் 23 நிமிடம்; மதிப்பீடு 70,000 கோடி ரூபாய். முதற்கட்டமாகப் புனே பெருநகரப் பகுதியில் 11.8 கிலோமீட்டர் சோதனைப் பாதை அமைக்க 5,000 கோடி ரூபாய்.

இவ்வளவும் அறிவிக்கப்பட்டபோது உலகின் எந்த மூலையிலும் அந்தக் குழாய்க்குள் ஒரு மனிதர்கூடப் பயணம் செய்திருக்கவில்லை. முதல் மனிதப் பயணம் 2020 நவம்பர் 8 அன்றுதான் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் நடந்தது. இருவர் அமர்ந்த பெட்டி, 500 மீட்டர் குழாய்க்குள், மணிக்கு 172 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. அதற்குப் பத்து மாதங்களுக்கு முன்பே, ஆட்சி மாறியிருந்த மகாராஷ்டிராவில், துணை முதல்வர் அஜித் பவார் வேறெங்கும் சோதித்துப் பார்க்கப்படாத ஒன்றை இங்கு மேற்கொள்ள முடியாது என்று கூறிவிட்டார். 2022 பிப்ரவரியில் அந்த நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட ஊழியர்களை வெளியேற்றி, பயணிகள் போக்குவரத்தைக் கைவிட்டுச் சரக்குப் போக்குவரத்தின் பக்கம் திரும்பியது. 2023 இறுதியில் கடையையே மூடிவிட்டது.

பள்ளிக் கணக்கு போதும்

இந்த மயக்கத்தைக் கலைக்கப் பெரிய விஞ்ஞானி தேவையில்லை. பள்ளிக் கணக்கே போதும். ஆண்டுக்கு 15 கோடிப் பயணம் என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4.1 லட்சம். ஒரு பெட்டியில் 28 பேர் என்பது வடிவமைப்பாளர்கள் சொன்ன அளவு. அப்படியானால் நாள்தோறும் சுமார் 14,700 பெட்டிகள் ஓட வேண்டும். 24 மணி நேரமும் ஒரு நொடி ஓயாமல் ஓடினாலும், ஒவ்வொரு திசையிலும் 12 விநாடிக்கு ஒரு பெட்டி புறப்பட வேண்டும். 117.5 கிலோமீட்டரை 23 நிமிடத்தில் கடக்கச் சராசரி வேகம் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் 12 விநாடி இடைவெளி என்பது ஒரே ஒரு கிலோமீட்டர். முன்னால் செல்லும் பெட்டி பழுதாகித் திடீரென நின்றால், பின்னால் வருவது அந்த ஒரு கிலோமீட்டருக்குள் நின்றாக வேண்டும். அதுவும் காற்றற்ற குழாய்க்குள், மலைப்பாதையில்.

இது முடியவே முடியாது என்று இன்றே தீர்ப்பெழுத வேண்டியதில்லை. ஆய்வு நடக்கட்டும். சென்னை ஐஐடியின் தையூர் வளாகத்தில் ரயில்வே அமைச்சகத்தின் உதவியோடு 422 மீட்டர் சோதனைப் பாதை அமைக்கப்பட்டுள்ளது. அது ஆய்வு, தோல்வியும் அங்கே அறிவுதான். ஆனால் 500 மீட்டரில் செய்து காட்டியதை வைத்து 117 கிலோமீட்டருக்கு வாக்குறுதி வழங்குவதும், அதற்கு அரசு முத்திரை குத்துவதும் ஆய்வு ஆகா.

வாக்குறுதியே சரக்கு

எதுவும் கட்டப்படவில்லையே, அதனால் யாருக்கு என்ன இழப்பு என்று சிலர் கேட்கக்கூடும். செலவைத் தனியாரே ஏற்பதாகத்தான் சொல்லப்பட்டது என்றும் வாதிடுவர். இங்கேதான் நிதி மூலதனத்தின் இயக்கத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பயணச்சீட்டு ஒன்றுகூட விற்காத நிறுவனம் எதைக் காட்டி முதலீடு திரட்டும்? ஒரு மாநில அரசின் கையொப்பத்தையும், பொதுத் திட்டம் என்ற தகுதியையும் காட்டித்தான் திரட்டும். ஆக, ஓடாத வண்டிக்கும் சந்தையில் ஒரு பரிவர்த்தனை மதிப்பு உண்டு. மக்களுக்கு வேண்டியதோ பயன்மதிப்பு. திட்டம் நிறைவேறியிருந்தால் 70,000 கோடியும் அதற்கான லாபமும் கட்டணமாகப் பயணியிடமிருந்தோ, நிலமாகவும் சலுகையாகவும் அரசிடமிருந்தோதான் வசூலிக்கப்பட்டிருக்கும்.

மலையேறிய மின்சாரம்

எல்லாப் புதுமையும் மாயை என்பதும் பிழையே. இதே மும்பை–புனே தடத்தில் போர்காட் மலைப்பாதை உள்ளது. 1863இல் திறக்கப்பட்ட அந்த ரயில் பாதைக்காக ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் நோய்க்கும் விபத்துக்கும் பலியாயினர். 37 அடிக்கு ஓரடி ஏறும் அந்தச் செங்குத்தில் நீராவி எஞ்சின்கள் திணறின. மின்மயம் அந்தத் திணறலுக்கு விடையாக வந்தது. 1930 ஜூன் 1 அன்று தொடங்கிய ‘டெக்கான் குயின்’ மின் எஞ்சினால் இழுக்கப்பட்டது; இன்றும் ஓடுகிறது. தீர்க்க வேண்டிய சிக்கல் முன்பே தெளிவாக இருந்தது. தொழில்நுட்பம் அதற்கு விடையளித்தது.

ஆயினும் அந்த ரயிலில் தொடக்கத்தில் முதல், இரண்டாம் வகுப்புகள் மட்டுமே இருந்தன. மூன்றாம் வகுப்பு 1955இல்தான் சேர்க்கப்பட்டது. எந்திரம் மெய்யாகவே இயங்கினாலும் அதன் பயன் உழைப்பாளிக்குத் தானாக வந்து சேராது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இன்னொரு சான்றும் புனேயிலேயே உண்டு. உயர்திறன் கணினிகளைத் தர அமெரிக்கா மறுத்தும் நிபந்தனை விதித்தும் வந்த சூழலில், 1988இல் பொதுத்துறையில் சி-டாக் நிறுவனம் இங்கு அமைக்கப்பட்டது. 1991இல் ‘பரம் 8000’ மீக்கணினியை அது உருவாக்கிக் காட்டியது. இந்திய மொழிகளின் எழுத்தைக் கணினியில் ஏற்றும் பணியிலும் அதற்குப் பெரும் பங்குண்டு. இலக்கு தெளிவு, பொது உடைமை, செய்து காட்டிய சான்று ஆகிய மூன்றும் அங்கே ஒன்றுசேர்ந்தன.

நிறுத்தத்தில் காத்திருப்போர்

இனி, இன்றைய புனேயின் சாலைக்கு வருவோர் காண்பது என்ன? புனே, பிம்ப்ரி–சிஞ்ச்வட் நகரங்களின் பேருந்துக் கழகங்களை 2007இல் இணைத்து உருவான பி.எம்.பி.எம்.எல். கழகத்திடம் உள்ளவை ஏறத்தாழ 2,000 பேருந்துகள். வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களும், சாக்கண் தொழிற்பேட்டைத் தொழிலாளர்களும், மாணவர்களும் அவற்றுக்காகக் காத்து நிற்கின்றனர். ஒரு மின் பேருந்து ஒன்றரைக் கோடி ரூபாய் என்று கொண்டால், ஹைப்பர்லூப்பின் சோதனைப் பாதைக்கு மட்டும் மதிப்பிடப்பட்ட 5,000 கோடியில் 3,300 பேருந்துகள் வாங்கலாம். ஓர் அரசின் திட்டமிடும் ஆற்றலும் அக்கறையும் எந்தப் பக்கம் திருப்பப்பட்டன என்பதே இங்கு இழப்பு.

மின் பேருந்து செய்து காட்டப்பட்ட தொழில்நுட்பம். புகையையும் இரைச்சலையும் குறைப்பது. 2019 முதல் புனேயில் அது ஓடுகிறது. ஆனால் வண்டி தனியார் நிறுவனத்துக்குச் சொந்தம்; ஓட்டுநர் அதன் ஒப்பந்த ஊழியர்; கிலோமீட்டர் கணக்கில் கழகம் பணம் செலுத்துகிறது. நல்ல எந்திரத்தின் பெயராலேயே பொதுப் போக்குவரத்து உள்ளிருந்து அரிக்கப்படுகிறது. ஆகவே மின் பேருந்தை வரவேற்றும் ஒப்பந்த முறையை எதிர்த்தும் ஒரே நேரத்தில் போராட வேண்டியுள்ளது. இதில் முரண் ஏதுமில்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

எந்தப் புதிய தொழில்நுட்பத்தின் முன்னும் தொழிற்சங்கங்கள் ஐந்து கேள்விகளை வைக்கலாம். எந்த மெய்யான சிக்கலை இது தீர்க்கிறது? எங்கே, எந்த அளவில் செய்து காட்டப்பட்டுள்ளது? தோற்றால் நட்டம் யாருக்கு? உடைமையும் தரவும் யார் கையில்? இதே பணத்திலும் உழைப்பிலும் வேறு எதைச் செய்திருக்கலாம்?

ஹிஞ்சவடியின் கணினி நிறுவனங்களில் பணிபுரியும் இளைஞர்களுக்கு இக்கேள்விகள் இன்று மிக அவசரமானவை. 2025 ஜூலையில் டிசிஎஸ் நிறுவனம் 12,000க்கும் மேற்பட்டோரைக் குறைப்பதாக அறிவித்தது. காரணம் செயற்கை நுண்ணறிவு அல்ல, திறன் பொருத்தமின்மையே என்று அதன் தலைமை விளக்கியது. காரணம் எதுவாயினும் வேலை இழந்தவர் வீட்டில் அடுப்பெரிவது நின்றுவிடுகிறது. செயற்கை நுண்ணறிவு எந்தப் பணியை மெய்யாகவே செய்கிறது, எந்தப் பணியைச் செய்யும் என்று வெறுமனே சொல்லப்படுகிறது என்ற விவரத்தை நிர்வாகம் ஆட்குறைப்புக்கு முன்பே சங்கத்தின் முன் வைக்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. இயங்கும் எந்திரத்தால் வேலை போனால், மறுபயிற்சியும் வேலைநேரக் குறைப்பும் கோரிப் போராடலாம். இன்னும் இயங்காத எந்திரத்தின் பெயரால் வேலை பறிபோக அனுமதிப்பதோ கொடுமையிலும் கொடுமை.

பேருந்தை ஓட்டுபவரும் அதில் பயணம் செய்பவரும் அதன் குறை நிறைகளை அறிவர். மென்பொருளை எழுதுபவர் அது எதைச் செய்யாது என்பதையும் அறிவார். தொழில்நுட்பத்தின் மெய்யான மதிப்பை எடைபோடும் அறிவு தொழிலாளி வர்க்கத்திடம் ஏற்கெனவே உள்ளது. அந்த அறிவுக்கு, முடிவெடுக்கும் மேசையில் இடம் பெற்றுத் தருவதே சங்கங்களின் கடமை.