புழுதியாய்ப் பறக்கும் சாலை

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய்வந்தவர்களிடம் புழுதியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. நெடுஞ்சாலையை விட்டு மண் ரோட்டில் இறங்கியதும் முன்னே ஒரு டிப்பர் லாரி போனால் போதும், பின்னால் பைக்கில் வருகிறவருக்கு வழியே தெரியாது.

நம் பக்கம் இதற்குத் தண்ணீர் லாரிதான் வைத்தியம். பங்குனி வெயிலில் அந்த ஈரம் எத்தனை நேரம் நிற்கும்? அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ளாட்சிகள் மண் சாலைக்குக் கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு கரைசலைத் தெளிக்கின்றன. ஊராரின் இருமல் ஒரு காரணம். இன்னொன்று செலவுக் கணக்கு. கிராவல் ரோட்டில் ஜல்லியைப் பிடித்து வைத்திருப்பது பொடிமண். அது பறந்துவிட்டால் கல் பெயர்ந்து ஓரத்துக்கு உருளும், குழி விழும், மறுபடி கிராவல் கொட்டி மட்டம் செய்ய வேண்டும்.

மருந்து வேலை செய்யும் விதம் நம் வீட்டு அடுப்படியிலேயே இருக்கிறது. மழைக்காலத்தில் கல் உப்பு ஏன் கசிகிறது? அதில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால்தான். சாலையிலும் அதுவேதான். பகலில் காய்ந்தாலும் இரவுக் காற்றில் ஈரம் வாங்கிப் பொடிமண்ணைக் கட்டி வைக்கும். தூத்துக்குடி உப்பளங்களில் உப்பெடுத்தபின் எஞ்சும் கசப்பு நீரில் இந்தச் சரக்கு நிறைய உண்டு. தில்லியில் காற்று மாசு முற்றும் நாட்களில் தண்ணீரோடு இத்தகைய கலவையையும் சேர்த்துத் தெளிக்கச் சொல்கிறார்கள். அங்கே தார் ரோட்டுக்கும்தான்!

செலவு மிச்சமென்று எதையாவது ஊற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் டைம்ஸ் பீச் சாட்சி. சாலை போடப் பணமில்லாத அந்தச் சிற்றூர் 1972 முதல் 1976 வரை கழிவு எண்ணெயைத் தெளிக்கவிட்டது. அதில் டயாக்சின் என்ற நச்சு கலந்திருந்தது. 1983இல் அரசே ஊரை விலைக்கு வாங்கி, ஏறத்தாழ இரண்டாயிரம் பேரை வெளியேற்ற நேர்ந்தது. பழைய எஞ்சின் ஆயிலை வாசலில் ஊற்றிப் புழுதி அடக்குகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

குளோரைடு அவ்வளவு கொடியதல்ல. ஆனால் மழையில் கரைந்து ஓரத்து நிலத்தில் இறங்கும், வண்டியின் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். கிருஷ்ணகிரி மாம்பழ மாவட்டம். மாமரத்துக்கோ உப்பு ஆகாது, இலை நுனி கருகிவிடும். கல்லுடைக்கும் கிரஷருக்குள் இருக்கும் லாரிப் பாதையில் இதைப் போட்டுப் பார்க்கலாம். மாந்தோப்பை ஒட்டிய ரோட்டுக்கு, என்னைக் கேட்டால், தண்ணீர் லாரியே இன்னொரு நடை வரட்டும்.