அரியணை ஏறாத மொழி



பலூசித்தான் என்றவுடன் வறண்ட மலைகளும் ஒட்டக நிரைகளும் போர்க்குடிகளுமே பலர் நினைவிற்கு வரும். அம்மலைகளின் நடுவே, கலாத்து, மசுதுங்கு, குசுதார்ப் பகுதிகளில், கண்ணை ‘ஃகன்’ என்றும், கல்லை ‘ஃகல்’ என்றும், முன்னிலையானை ‘நீ’ என்றும் வழங்கும் மக்கள் வாழ்கின்றனர். அவர்களே பிராகுயியர். பாக்கித்தானின் 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பிராகுயியைத் தாய்மொழியாகக் குறித்தோர் 27 இலக்கத்திற்கும் மேற்பட்டோர். கோண்டி, குடுக்கு முதலிய உறவுமொழிகளோ ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளன.

பிராகுயியர் பலூசியரோடு மணவுறவு கொண்டவர். உடை, குடித்தலைவர் முறை, விருந்தோம்பல், சமயம் ஆகியவற்றால் ஒன்றியவர். தம்மைப் பலூசியர் என்றே கூறிக்கொள்வாரும் பலர். ஆயின் பலூசி மொழி ஈரானியக் கிளை. குர்து மொழிக்கு உறவு. பிராகுயியோ திரவிடக் கிளை. கால்டுவெல் தம் 1856-ஆம் ஆண்டு நூலிலேயே அதன் திரவிடக் கூற்றைச் சுட்டினார். தெனிசு பிரே 1909-இல் வெளியிட்ட இலக்கணம் அவ்வுறவை ஐயமற நிறுவியது.

இம்மக்கள் ஆளப் பிறவாதவரோ? அல்லர். 1666-இல் மீர் அகமதுகான் கலாத்தில் ஆட்சியை நிலைநாட்டினார். அவ்வரச குடி பிராகுயிக் குடியே. 1749 முதல் 1794 வரை ஆண்ட நசீர்கான் பலூசிய, பிராகுயிக் குடிகளை ஒருகுடைக்கீழ்க் கொணர்ந்தார். 1876-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஆங்கிலேயர் பிடி இறுகியது. 1947 ஆகத்தில் விடுதலை அறிவித்த கலாத்து, 1948 மார்ச்சில் பாக்கித்தானுடன் இணைக்கப்பட்டது. 1955-இல் அவ்வரசே மறைந்தது.

ஏறத்தாழ 290 ஆண்டு அரசிருந்தும், அவ்வரசவையில் எழுதப்பட்ட மொழி எது? பாரசீகம்! மன்னர் பிராகுயியர், ஆவணமோ அயல்மொழி. வீட்டில் ஒரு மொழி, ஓலக்கத்தில் வேறு மொழி.

அதன் விளைவை எண்ணுப்பெயர்களே காட்டும். அசிட்டு, இரட்டு, முசிட்டு என மூன்று வரையே பிராகுயிக்குத் தன் எண் உண்டு. நான்கு முதல் யாவும் ஈரானிய மொழியிலிருந்து புகுந்தவை. வரியும் விலையும் கணக்கும் பிறமொழியில் நடந்தால், எண்ணும் சொல்லும் பிறமொழியாகாமல் என்ன செய்யும்? இன்று அம்மொழியின் சொற்களில் பெரும்பகுதி கடன்.

எனினும் எலும்புக்கூடு முறியவில்லை. ‘வாரேன்’, ‘செய்யான்’ என வினைக்குள்ளேயே மறுப்பை வைக்கும் திரவிட முறை அங்கே இன்றும் வாழ்கின்றது. அதனைக் காத்தவர் மன்னரல்லர். ஆடு மேய்த்த ஆடவரும் தாலாட்டிய தாய்மாருமே.

பிராகுயியர் சிந்துவெளிப் பழங்குடியின் எச்சமா, ஆயிரம் ஆண்டளவிற்கு முன் தெற்கிலிருந்து பெயர்ந்தவரா என்பதில் ஆய்வாளர் வேறுபடுகின்றனர். பழைய ஈரானியக் கடன்சொற்கள் அதில் இல்லாமையைப் பின்னையோர் சான்று காட்டுவர். சிந்துவெளி எழுத்தோ இன்னும் ஐயமறப் படிக்கப்படவில்லை. அங்ஙனமிருக்க, முடிவுறாத வழக்கை முடிந்ததாக முழங்குவது பெருமையாகாது. அவர்களைத் தமிழர் என்பதும் பிழை, அவர்கள் பிராகுயியர். உறவு வேறு, உரிமை கொண்டாடுதல் வேறு.

இன்று அம்மொழி விழித்தெழ முயல்கின்றது. அரபு-பாரசீக எழுத்தில் நூலும் இதழும் வருகின்றன. பலூசித்தான் பல்கலைக்கழகத்தில் இலத்தீன எழுத்துமுறை ஒன்றும் வகுக்கப்பட்டது. தாய்மொழிகளைத் தொடக்கப்பள்ளிப் பாடமாக்கும் சட்டத்தை 2014-இல் அம்மாநில மன்றம் இயற்றியது. சட்டம் ஏட்டில் நின்றுவிடாது வகுப்பறை புகுதல் வேண்டும்.

நாடு வென்றும் மொழி தோற்கலாம் என்பதே கலாத்தின் வரலாறு. தாய்மார் நாவில் தங்கிய மொழி கணக்கேட்டிலும் கல்வியிலும் ஏறும் நாளே, அம்மக்கள் நான்கையும் ஐந்தையும் தம் மொழியில் எண்ணத் தொடங்கும் நாள்.