முற்றத்துப் பள்ளியில் கழிந்த ஆண்டுகள்

(பணி ஓய்வை நெருங்கும் அங்கன்வாடி ஆசிரியைகள் சார்பில், ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் சூழ்ந்த இந்த ரெட்டிபாளையம் வட்டாரத்தில், மழலையர் நடுவே எங்கள் பணிக்காலம் கழிந்தது. "பால்வாடி டீச்சர்" என்பதே இங்கு எங்கள் பெயர். அன்று எங்கள் மடியில் அழுத பிள்ளைகள், இன்று தம் பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்து வருகின்றனர். இதனினும் பெரிய ஊதியம் எங்களுக்கு வேறில்லை.

"அங்கன்" என்றால் முற்றம். 1945 ஆம் ஆண்டு போர்டி என்னும் கடலோரக் கிராமத்தில் தாராபாய் மோடக் அம்மையாரும் அனுதாய் வாக் அம்மையாரும் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினர். பிள்ளைகள் பள்ளிக்கு வராதபோது, பள்ளியையே அவர்தம் வீட்டு முற்றத்திற்குக் கொண்டு சென்றனர். அவ்வழியில் வந்ததே நமது அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2 அன்று மைய அரசு 33 பகுதிகளில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. 1982 ஜூலை 1 முதல், முதல்வர் எம்.ஜி.ஆர். அவர்களின் சத்துணவுத் திட்டம் குழந்தைகள் மையங்களின் அடுப்பை ஏற்றிவைத்தது. இன்று தமிழ்நாட்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன.

எங்கள் பணியைச் சோறு போடும் வேலை என்று எண்ணுவோர் உளர். சோறும் முட்டையும் சத்துமாவும் உண்மைதான். ஆனால் மாதந்தோறும் எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் குறிப்பதும் எங்கள் பணியே. கண்ணுக்கு நலமாகத் தோன்றும் குழந்தையின் கோடு அட்டையில் கீழே இறங்கும். தாய் அறியுமுன் அட்டை அறிவிக்கும். 2021 முதல் இக்கணக்கைக் கைப்பேசிச் செயலியிலும் ஏற்றுகிறோம். மூக்குக் கண்ணாடி அணிந்த எங்களுக்கு அது புதுப் பாடமாயிற்று, அதையும் கற்றோம்.

பெற்றோர் எங்களிடம் மிகுதியாகக் கேட்பது, "எழுதச் சொல்லிக் கொடுத்தீர்களா?" என்பதே. மூன்று வயதுப் பிள்ளையின் விரல்கள் பென்சிலுக்கு இன்னும் ஆயத்தமாகவில்லை. களிமண் உருட்டி, மணி கோத்து, புளியங்கொட்டை எண்ணிய விரல்களே பின்னர் எழுத்தைத் தடுமாற்றமின்றிப் பிடிக்கும். 1939 இல் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரும் கையால் செய்து கற்பதையே வலியுறுத்தினார். எழுத்தறியாத பிள்ளை ஓராண்டில் எழுத்தறியும். பேச அஞ்சும் பிள்ளையின் அச்சம் எளிதில் நீங்காது. ஆகவே கதையும் பாட்டும் விளையாட்டுமே எங்கள் பாடநூல்.

ஆயினும் பெற்றோர் மனம் சீருடையையும் ஆங்கிலப் பெயர்ப்பலகையையும் நாடுகிறது. 2019 இல் அரசே 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யூ.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. மையத்தில் பிள்ளைகள் குறைந்தால் நட்டம் எங்களுக்கன்று; கட்டணம் செலுத்த இயலாத வீட்டுப் பிள்ளைகளுக்கே.

எங்கள் நிலையையும் சுருங்கக் கூறுகிறோம். ஆசிரியை என்று அழைக்கப்பட்டாலும் பள்ளி ஆசிரியருக்குரிய ஊதியமும் ஓய்வூதியமும் எங்களுக்கு இல்லை. 2022 ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளர்கள் பணிக்கொடைச் சட்டத்தின்கீழ் பணிக்கொடை பெற உரியவர்கள் என்று தீர்ப்பளித்தது. "இது தொண்டுதானே" என்று தட்டிக்கழித்த காலத்திற்கு அத்தீர்ப்பு விடை கூறியது. தொண்டு மனம் வேண்டும்தான். ஆனால் உழைப்புக்கு உரியதைக் கேட்பது அத்தொண்டுக்கு இழுக்காகாது.

எங்கள் கவலை வேறொன்று. ஓர் ஆசிரியை ஓய்வு பெற்றால், அவ்விடம் நிரம்பும்வரை அண்டை மையத்தார் கூடுதல் பொறுப்பு வகிப்பர். இரு மையத்தை ஒருவர் பார்த்தால், இரண்டிலும் பாதிக் கவனமே கிட்டும். 2025 இல் 7,783 பணியிடங்களை நிரப்ப அரசு முன்வந்தது அக்குறையின் அளவைக் காட்டும்.

ஜமாஅத்தார்களே! தங்களிடம் நாங்கள் வேண்டுவன மூன்று. பிள்ளைக்கு மூன்று வயது நிறைந்ததும் மையத்தில் சேர்த்திடுங்கள். எடை பார்க்கும் நாளில் தாயோடு தந்தையும் ஒருமுறையேனும் வாருங்கள். எங்களுக்குப் பின் வரும் இளம் ஆசிரியையை, எங்களை மதித்தது போலவே மதித்து நடத்துங்கள்.

மையத்தின் சாவியை ஒப்படைக்கும் நாள் நெருங்குகிறது. மையம் தங்களுடையது; பிள்ளைகளும் தங்களுடையவர்கள்.