கான்கிரீட் தேய்க்க எந்த டிஸ்க்?
(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எலவனாசூர்கோட்டையில் நம் கார் நிறுத்துமிடத் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். சென்ட்ரிங் இடுக்கில் கசிந்து இறுகிய மேடுகள் அப்படியே நிற்கின்றன. பெயின்ட் அடிக்கும் முன் தேய்க்க வேண்டும்.

உளுந்தூர்பேட்டையிலோ கள்ளக்குறிச்சியிலோ கடைக்குப் போனால், "கிரைண்டிங் வீல்" என்று மட்டும் கேட்காதீர்கள். இரும்புக்கான வீலைக் கொடுத்துவிடுவார்கள். வீலின் மேல் எழுத்தைப் பாருங்கள். A என்றால் அலுமினியம் ஆக்சைடு, இரும்புக்கு. C என்றால் சிலிக்கான் கார்பைடு, கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும். சின்ன வேலைக்கு இது போதும். இத்தனை தூண்களுக்கு டைமண்ட் கப் வீல்தான் கட்டுபடியாகும்.

அதிலும் ஒரு சூட்சுமம். கெட்டியான கான்கிரீட்டுக்கு மென்மையான பிணைப்புள்ள வீல் வேண்டும். வைரத்துகள் மழுங்கியதும் அதைப் பிடித்திருக்கும் உலோகம் தேய்ந்து, அடுத்த துகள் வெளியே வர வேண்டும். கெட்டி கான்கிரீட்டின் நைசான தூள் உலோகத்தை அரிக்காது. அதனால் கடினப் பிணைப்பு வீல் பளபளத்து, வெட்டாமல் வழுக்கும். உதிரும் சிமென்ட் பூச்சுக்கு நேர்மாறாக, கடினப் பிணைப்பு நல்லது.

முதலில் 30 அல்லது 40 நம்பர், பிறகு 80, கடைசியாக 120. இடையில் தாண்டினால் கீறல் நிற்கும். நான்கு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுழலும். வீலில் அச்சிட்ட வேகம் உங்கள் கிரைண்டரின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் மாட்டவே கூடாது. உடைந்து தெறிக்கும்.

இனி முக்கியமான விஷயம். நல்ல வீல் வேகமாகத் தேய்க்கும். தூசியும் அதிகம் கிளம்பும். அதிலுள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் வரும். அதைக் குணமாக்க மருந்து இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இதை அறிவிக்கத்தக்க நோயாகச் சேர்த்திருந்தது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, 1997-இல் சிலிக்கா தூசியைப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்தது.

வாயில் துண்டு கட்டிக்கொண்டு வேலை செய்யும் தம்பிக்கு இது தெரியாது. நமக்குத் தெரியும். துண்டு நுண்தூசியைத் தடுக்காது. சாதாரண கிரைண்டரில் தண்ணீர் ஊற்றுவதும் ஆபத்து, ஷாக் அடிக்கும்.

ஆகவே கொட்டேஷன் வாங்கும்போது மூன்றைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்: வீலை மூடும் தூசு உறை, அதோடு இணையும் வாக்குவம், என்95 முகக்கவசம். கொஞ்சம் செலவு கூடும். அதை நாம் பகிர்ந்துகொள்வோம். அந்தத் தம்பியின் மூச்சில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.