கைவேலைக்கு உரிய விலை கேட்போம்

(நமது அறக்கட்டளையின் மகளிர் கூட்டத்தில், வீட்டிலிருந்தே ஆரி வேலை செய்யும் சகோதரி ஒருவர் ஆற்றிய உரை)



கண்ணியத்திற்குரிய தாய்மார்களே, சகோதரிகளே! அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியிலிருந்து வந்திருக்கும் உங்களில் பலர் வீட்டிலேயே தைக்கிறீர்கள், ஆரி போடுகிறீர்கள், கூடை பின்னுகிறீர்கள். வேலையை எப்படிச் செய்வது என்று நான் சொல்லத் தேவையில்லை. அதற்கு என்ன விலை கேட்பது என்பதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

கையால் உழைப்பது நம் மார்க்கத்தில் கண்ணியமான காரியம். தாவூத் நபி (அலை) தம் கையால் உழைத்தே உண்டார்கள் என்று ஹதீஸில் வருகிறது. அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) தோல் பதனிட்டு, தைத்து, அந்த வருமானத்தைத் தர்மம் செய்தார்கள்.

திருநெல்வேலிப் பக்கம் பத்தமடைப் பாயைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து, மெல்லிய இழையாகக் கிழித்து நெய்கிறார்கள். நெய்பவர்களில் பெரும்பாலோர் நம் சமுதாயப் பெண்கள். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையே நெய்து தருவார்கள். 1953-இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கு இங்கிருந்து பாய் போனது. புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனாலும் மெல்லிய பாய் நெய்யும் குடும்பங்கள் குறைந்துவிட்டன. பல நாள் உழைப்புக்கு ஏற்ற கூலி இல்லையென்றால் மகள் எப்படி அந்தத் தறியில் உட்காருவாள்? பாய்க்குப் பேர் வந்தால் மட்டும் போதாது, நெய்தவள் கைக்குக் காசு வரவேண்டும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெருநாளுக்கு முன் ஒரு கடைக்குப் பன்னிரண்டு ப்ளவுஸ் செய்து கொடுத்தேன். முன்பணம் வாங்கவில்லை, எதையும் எழுதவில்லை. தெரிந்தவர்கள்தானே என்று கேட்கக் கூச்சப்பட்டேன். பாதிப் பணம் இன்றுவரை வரவில்லை. கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள் என்று அல்பகரா 282-ஆம் வசனத்தில் அல்லாஹ் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறான். அதைப் பலமுறை ஓதியவள்தான் நான்!

பிறகுதான் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு ப்ளவுஸுக்கு 900 ரூபாய் வாங்கினேன். நூல், மணி, ஜமிக்கி எல்லாம் 350. மீதி 550. மூன்று நாள், நாளுக்கு ஐந்து மணி நேரம் என்றால் பதினைந்து மணி நேரம். மணிக்கு 37 ரூபாய்கூட வரவில்லை! கரண்டு, ஊசி, ஆட்டோ செலவு இதில் சேரவே இல்லை.

ஆகவே நான்கு விஷயங்களைச் செய்யுங்கள். பொருளுக்கு ஆன செலவையும் உழைத்த நேரத்தையும் அன்றன்றே எழுதுங்கள். பாதிப் பணத்தை முன்பணமாக வாங்குங்கள். சொந்தக்காரராக இருந்தாலும் தொகையையும் தேதியையும் எழுதிக் கொடுங்கள். தொழில் பணத்தை வீட்டுச் செலவுப் பணத்தோடு கலக்காதீர்கள். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு அரசு இணையதளத்தில் இலவசம். அதற்கு யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கூடுதல் விலை கேட்டால் பேராசை என்பார்களோ என்று பயப்படாதீர்கள். சரக்கில் உள்ள குறையை மறைப்பதுதான் தவறு. நூல் சாயம் போகும் என்றால் முதலிலேயே சொல்லுங்கள். நேர்மையாகச் செய்த வேலைக்கு நியாயமான விலை கேட்பது ஹலாலான உரிமை.

வாங்கும் நமக்கும் பொறுப்பு இருக்கிறது. பெரிய கடையில் ஒட்டியிருக்கும் விலையை வாய் பேசாமல் கொடுக்கிறோம். பக்கத்து வீட்டு அக்காவிடம் மட்டும் "நமக்குள்ள என்ன" என்று ஐம்பது ரூபாய் குறைக்கிறோம். உழைத்தவரின் வியர்வை உலர்வதற்குள் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். இந்தப் பெருநாளுக்குத் தைத்து வாங்கும்போது, துணியைக் கையில் வாங்குகிற அன்றே பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.

அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத் செய்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.