தோட்ட வேலையும் கை மணிக்கட்டும்



நம்ம ஊர்ப் பெயரே பூவிருந்தவல்லி. இங்கே பிறந்த திருக்கச்சி நம்பிகள் நந்தவனம் வைத்து, காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்குப் பூக் கொண்டுபோனார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆவடி, அம்பத்தூர் பக்கம் வீடுகள் நெருங்கிவிட்டாலும், கொல்லையில் ஒரு மல்லிகைக் கொடி, ஒரு எலுமிச்சை, இரண்டு பாத்தி கீரை வைத்திருப்பவர்கள் உண்டு. அந்த வேலையைச் செய்யும் கையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். குடும்ப நலக் கூட்டத்தில் இது எதற்கு என்று கேட்பீர்கள். பிள்ளை பெற்ற தாயின் மணிக்கட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், அப்போது தெரியும்.

கட்டை விரலுக்கு அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் வலி. களை பிடுங்கினால் சுளீர் என்கிறது. பிள்ளையைத் தூக்கினால் உயிர் போகிறது. "பச்சைத் தண்ணியில கை வெச்சே, வாதம் புடிச்சுக்கிச்சு" என்பார்கள். அது வாதம் அல்ல. கட்டை விரலை அசைக்கும் நரம்புக் கயிறுகள், அதாவது தசைநாண்கள், அந்த இடத்தில் ஒரு குறுகலான உறைக்குள் ஓடுகின்றன. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் உறை தடித்து நாண்களை இறுக்குகிறது. சுவிட்சர்லாந்து மருத்துவர் டி கெர்வேன் 1895-ல் இதை விவரித்து எழுதினார். பிரசவத்துக்குப் பின் வரும் வாரங்களில் தாய்மாருக்கு இது அதிகம். கட்டை விரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, கையைச் சுண்டு விரல் பக்கம் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சுளீர் என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். ஆரம்பத்தில் ஓய்வும் பட்டையும் பெரும்பாலும் போதும்.

ஆகவே கைக்குழந்தை இருக்கும் வீட்டில் களை எடுப்பதும் கவாத்து செய்வதும் வீட்டுக்காரர் பொறுப்பு. அவர் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் குனிந்தால் குறைந்துவிட மாட்டார். அம்மாவும் பிள்ளையை அக்குளில் கட்டை விரல் கொடுத்துத் தூக்க வேண்டாம். ஒரு கை பிட்டத்துக்குக் கீழே, ஒரு கை முதுகுக்கு என்று அள்ளி எடுங்கள்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். தண்ணீர் விட்டு மண் இளகிய பிறகு களை பிடுங்கினால் பாதி பலம் போதும். களைக்கொத்தின் பிடி மெல்லியதாக இருந்தால் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றுங்கள். மணிக்கட்டை மடக்காமல், முழங்கையிலிருந்து நேராகக் கொத்துங்கள். மழுங்கிய கத்தரியை அமுக்கி அமுக்கித்தான் பல மணிக்கட்டுகள் கெடுகின்றன, சாணை பிடியுங்கள். கண்ணாடி வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிட்டு இறங்குங்கள். உடைந்த வளையல் நாணையே வெட்டிவிடும். வெட்டுப்பட்டபின் ஒரு விரல் மடங்காவிட்டால், அல்லது மரத்துப் போனால், உள்ளே நாணோ நரம்போ அறுந்திருக்கலாம். சுத்தமான துணியால் அழுத்திக் கட்டி, கையை உயர்த்திப் பிடித்து, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனி அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.

முள் குத்தினால் "முள்ளுதானே" என்று விடாதீர்கள். சாணமும் மண்ணும் ரண ஜன்னிக் கிருமி குடியிருக்கும் இடங்கள். தாய்க்கும் பிறந்த குழந்தைக்கும் வரும் ரண ஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்ட நிலையை எட்டியது என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கிருமி மண்ணை விட்டுப் போகவில்லை, ஊசிதான் நம்மைக் காக்கிறது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். சாணம், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். முள் உள்ளே ஒடிந்திருந்தாலும், மூட்டருகே குத்தியிருந்தாலும், வீங்கித் தெறித்தாலும் வீட்டில் ஊசியால் நோண்டாதீர்கள். மண்பட்ட காயமானால், கடைசி ஊசி போட்டு ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் மறுபடி போடச் சொல்வார்கள். கர்ப்பிணிகள் அட்டையில் ஊசித் தேதி இருக்கும். ஆண்களுக்குத்தான் கடைசியாக எப்போது போட்டோம் என்றே ஞாபகம் இருப்பதில்லை.

செவிலியர் அம்மா இங்கேயே இருக்கிறார். கை வலி இருப்பவர்கள் முன்னால் வந்து காட்டலாம்.