மதிப்பெண் ஏறி இறங்கினால் யாரிடம், எப்படிச் சொல்வது?

(நம் சங்கத்தின் மாணவர் வழிகாட்டிக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



கூட்டம் தொடங்கும் முன் ஓர் அம்மா என்னிடம் கேட்டார். "பிளஸ் டூவில 600-க்கு 548 வாங்கினவ சார். கிளாட்ல 31 தான் வந்திருக்கு. காலேஜ்ல கேட்டா என்ன காரணம் சொல்றது?" பக்கத்தில் நின்ற அந்தப் பெண் தலையை நிமிர்த்தவே இல்லை. இன்று நான் பேச வந்ததே இதைப் பற்றித்தான்.

காரணம் யோசிப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதை யார் படிக்கப் போகிறார்கள்? நம் மாநில அரசு சட்டக் கல்லூரிகளில் யாரும் படிக்கப் போவதில்லை. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை போடுகிறது. நுழைவுத் தேர்வு கிடையாது. 2017 முதல் விழுப்புரத்திலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. செஞ்சியில் பேருந்து ஏறினால் போய்ச் சேர்ந்துவிடலாம். 548 வாங்கிய பெண்ணுக்கு அங்கே கிளாட்டைப் பற்றிப் பேச வேண்டிய வேலையே இல்லை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு சட்டப் படிப்புக்கும் உண்டு. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் மட்டும்தான் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கிளாட் வழியாகச் சேரும் இடங்களிலும், அதாவது திருச்சி, பெங்களூரு போன்ற தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களிலும், உங்கள் விளக்கத்துக்கு இடமில்லை. அங்கே ரேங்க், இட ஒதுக்கீடு, கவுன்சலிங், அவ்வளவுதான். இதில் ஒரு நல்லதும் இருக்கிறது. போன வருடம் எத்தனை வாங்கினாய் என்று யாரும் பார்ப்பதில்லை. இளநிலைத் தேர்வுக்கு வயது வரம்பும் இல்லை. ஒரு வருடம் வீணாகிவிட்டது என்று வீட்டில் புலம்புகிறோமே, அந்தக் கணக்கு நாம் போடுவதுதான். பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு கணக்கே கிடையாது.

இருந்தாலும் அந்தப் பெண்ணுக்கு ஒரு காரணம் தெரிந்தாக வேண்டும். கல்லூரிக்காக அல்ல, அவளுக்காக. கிளாட் 120 நிமிடத்தில் 120 கேள்வி. ஆங்கிலத்தில் மட்டும். ஒவ்வொரு கேள்வித் தொகுப்புக்கும் முன்னால் 450 சொல் வரை ஒரு பத்தி. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும். பிளஸ் டூ தேர்வு, படித்ததை எழுதச் சொல்கிறது. கிளாட், இதுவரை பார்க்காத ஒன்றை வேகமாகப் படிக்கச் சொல்கிறது. தமிழ் வழியில் படித்த பிள்ளை முதல் முறை எழுதும்போது பாதித் தாளைத் தாண்டாமல் போனால், அதற்குக் காரணம் வாசிப்பு வேகம். அறிவுக் குறைவு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தினமும் ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைக் கடிகாரம் வைத்துப் படித்தால் வேகம் கூடும்.

விளக்கம் எடுபட்ட ஒரு சந்தர்ப்பமும் உண்டு. சட்டம் படிக்கப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2018 மே 13 அன்று கிளாட் கணினியில் நடந்தது. அப்போது 200 கேள்விகள், இரண்டு மணி நேரம். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். பல மையங்களில் கணினி நின்றது, திரை உறைந்தது. திஷா பாஞ்சால் என்ற மாணவியும் மற்றவர்களும் உச்ச நீதிமன்றம் போனார்கள். ஓய்வுபெற்ற கேரள உயர் நீதிமன்ற நீதிபதி எம்.ஆர். ஹரிஹரன் நாயர் தலைமையிலான குழு புகார்களை ஆராய்ந்தது. தேர்வையே ரத்து செய்யுங்கள் என்ற கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. இழந்த நேரத்துக்கு ஈடாக மதிப்பெண் கொடுக்கச் சொன்னது.

அதன் போக்கைப் புரிந்துகொள்ள நானே ஒரு கணக்கு சொல்கிறேன். ஒருவருக்கு 20 நிமிடம் போய்விட்டது. மீதி 100 நிமிடத்தில் 150 கேள்விக்கு விடையளித்தார். 110 சரி, 40 தவறு. கால் கால் மதிப்பெண்ணாகப் பத்து போக, அவருக்கு 100. நிமிடத்துக்கு ஒன்றரைக் கேள்வி என்ற வேகத்தில், இழந்த 20 நிமிடத்தில் இன்னும் 30 கேள்வி முடித்திருப்பார். அதே விகிதத்தில் 22 சரி, 8 தவறு. ஆக 20 மதிப்பெண் கூடும். "எனக்குப் பதற்றமாக இருந்தது" என்று சொன்னதற்காக யாருக்கும் மதிப்பெண் கூடவில்லை. எந்தக் கணினியில் எத்தனை நிமிடம் போனது என்ற பதிவுதான் பேசியது. தேர்வறையில் ஏதாவது கோளாறு நடந்தால் அங்கேயே கண்காணிப்பாளரிடம் எழுதிக் கொடுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மதிப்பெண்ணுக்கு விளக்கம் எழுத உண்மையிலேயே இடம் தருவது அமெரிக்கச் சட்டக் கல்லூரிகள். இந்தக் கூட்டத்திலும் அந்த ஆசை உள்ளவர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள். அங்கே எல்சாட் தேர்வு, மதிப்பெண் 120 முதல் 180 வரை. பலமுறை எழுதினால் பல மதிப்பெண்களும் கல்லூரிக்குத் தெரியும். ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருந்தால், விண்ணப்பத்தோடு ஒரு சிறு இணைப்புக் குறிப்பு வைக்கலாம். இரண்டு மூன்று புள்ளி வித்தியாசத்துக்கு எழுதவே வேண்டாம். தேர்வு நடத்துகிறவர்களே அந்த அளவு ஏற்ற இறக்கம் இயல்பு என்று மதிப்பெண்ணோடு ஒரு வரம்பையும் சேர்த்துத்தான் தருகிறார்கள்.

பத்துப் பன்னிரண்டு புள்ளி ஏறியிருந்தால் எழுதுங்கள். ஏறக்குறைய இப்படி: "ஜூன் மாதம் முதல் முறை எழுதியபோது டைபாய்டு காய்ச்சலிலிருந்து மீண்டு பத்து நாள்தான் ஆகியிருந்தது. மருத்துவச் சான்று இணைத்துள்ளேன். அக்டோபரில் எழுதியதே என் வழக்கமான பயிற்சி மதிப்பெண்ணுடன் ஒத்துப்போகிறது." போதும். தேதி, காரணம், சான்று, பிறகு என்ன ஆனது. அரைப் பக்கம் தாண்டினாலே அது மன்றாட்டு மனுவாகிவிடும். கிளார்க்கிடம் கொடுக்கும் மனு போல "தாங்கள் கருணை கூர்ந்து" என்று தொடங்கும் வழக்கம் நம் எல்லோருக்கும் கையில் ஊறியது. அதை இங்கே கொண்டுவராதீர்கள்.

பொய்ச் சான்று வேண்டவே வேண்டாம். தெரிந்த டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்கிவிடலாம் என்று சிலர் நினைப்பார்கள். அமெரிக்காவில் வழக்கறிஞராகப் பதிவு செய்யும்போது நடத்தையை விசாரிப்பார்கள், சட்டக் கல்லூரிக்குக் கொடுத்த விண்ணப்பத்தையும் எடுத்துப் பார்ப்பார்கள். மூன்று வருடப் படிப்பும் செலவும் அந்த ஒரு சீட்டில் போய்விடும்.

நம் நாட்டிலும் சில தனியார் பல்கலைக்கழகங்களில் நேர்காணல் உண்டு. அங்கே கேட்டால் இதே முறைதான், வாயால் இரண்டு வாக்கியம். 2021-ல் பிளஸ் டூ தேர்வு ரத்தானதால் பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை மற்றும் அக மதிப்பீட்டிலிருந்து 30 என்று கணக்கிட்டார்கள். அந்தப் பட்டியலை வைத்திருப்பவர்கள் இதைச் சொன்னாலே போதும்.

கிளாட் பெரும்பாலும் டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. விண்ணப்பம் அதற்குச் சில மாதம் முன்பே திறந்துவிடும். குறிப்பு எழுதியிருப்பவர்கள் மதிப்பெண் பட்டியல் நகலோடு சங்க அறைக்கு வாருங்கள், மாலை ஆறு மணிக்கு மேல் நான் அங்கேதான் இருப்பேன். இப்போது கேள்விகளுக்கு வரலாம். முதலில் அந்தப் பெண்ணே கேட்கட்டும், அம்மா கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.